கம்பெனி ஸ்டீரியோவில் நம் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரோடு கூட வந்த ஸ்டீரியோவில் போனையோ பழைய பாட்டு பிளேயரையோ இணைப்பது பற்றிச் சொந்தக்காரர்கள், நண்பர்கள், பக்கத்து வீட்டார் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். நிறையப் பேர் ஸ்டீரியோவையே மாற்றும் எண்ணத்தில்தான் வருகிறார்கள். முக்கால்வாசி வண்டிகளில் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

என் வண்டி ஸ்டீரியோவில் போனை இணைக்க முடியுமா முடியாதா, எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது?

முதலில் ஸ்டீரியோவின் முகத்தைப் பாருங்கள். இயர்போன் செருகும் அளவில் வட்டமான ஒரு ஓட்டை இருந்தால் அது ஆக்ஸ், வெளியிலிருந்து வயரில் ஒலியைக் கொடுக்கும் வழி. தட்டையான செவ்வக ஓட்டை யூஎஸ்பி. போன் ரிசீவர் படம் போட்ட பட்டன் இருந்தால் ப்ளூடூத் இருக்க வாய்ப்பு அதிகம். முகத்தில் எதுவும் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள். கியர் லீவருக்கு முன்னால், டேஷ்போர்டுப் பெட்டிக்குள், நடுவில் கை வைக்கும் பெட்டிக்குள் என்று பல வண்டிகளில் இந்த ஓட்டைகள் ஒளிந்திருக்கும்.

அப்புறம் மோடு, சோர்ஸ், மீடியா என்று ஏதாவது எழுதிய பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். ரேடியோ, சிடி, யூஎஸ்பி, ஆக்ஸ் என்று வரிசையாக வரும். சில ஸ்டீரியோக்களில் வயரைச் செருகிய பிறகுதான் 'ஆக்ஸ்' என்ற பெயரே வரும். அதனால் வயரைச் செருகியும் ஒரு தடவை பாருங்கள்.

ஆக்ஸ், யூஎஸ்பி, ப்ளூடூத், எஃப்எம்... இதுல எது நல்லா இருக்கும்?

என் கணக்கில் முதலிடம் பென் டிரைவ். பாட்டுக் கோப்பை ஸ்டீரியோவே நேராகப் படிப்பதால் நடுவில் எதுவும் கெடாது, ஸ்டியரிங் பட்டனிலும் பாட்டை மாற்றலாம். அடுத்து ஆக்ஸ், அதற்கடுத்து ப்ளூடூத். ஆனால் ஓடும் வண்டியில் டயர் சத்தமும் இன்ஜின் சத்தமும் சேரும்போது இந்த மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது. எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம்.

போன் பாட்டை ஸ்டீரியோவின் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் சின்னக் கருவியான எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மட்டும் தெளிவாகக் கீழே நிற்கும். எஃப்எம் ஒலிபரப்பில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி போகாது. போதாததற்கு இரைச்சலும் வரும். வேறு எந்த வழியும் இல்லாதபோது அதை எடுங்கள்.

ஆக்ஸ் வயர் எது வாங்கணும்? கடையில ரெண்டு கோடு, மூணு கோடுன்னு ஏதோ கேக்குறாங்க.

பின் மேல் இருக்கும் கறுப்பு வளையங்களைத்தான் கோடு என்கிறார்கள். இரண்டு கோடு போட்ட பின்னில் மூன்று தொடர்புகள்: இடது, வலது, எர்த். மூன்று கோடு போட்டதில் கூடுதலாக மைக் ஒன்று உண்டு. காருக்கு மைக் வேண்டாம். இரண்டு பக்கமும் இரண்டு கோடு பின் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் வயரை வாங்குங்கள். ஒரு மீட்டர் நீளம் போதும். கியர் லீவர் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு முனை 'எல்' வடிவில் வளைந்த வயர் நல்லது, கை பட்டு உடையாது.

ஒரு அடையாளம் சொல்கிறேன். பாட்டு ஓடும், தபேலாவும் வயலினும் கேட்கும், ஆனால் பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போன மாதிரி காணாமல் போயிருக்கும். இதைக் கேட்டதும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். எர்த் தொடர்பு விட்டுப்போயிருக்கும். எர்த் இல்லாதபோது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது கழிந்துபோகிறது. பின்னை முழுக்க அழுத்திச் செருகிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் வயரை மாற்றுங்கள். மூன்று கோடு வயரை இரண்டு கோடுக்கான ஓட்டையில் போட்டாலும் சில நேரம் இதே கதைதான்.

புது போன்ல இயர்போன் ஓட்டையே இல்லையே, நான் எப்படி ஆக்ஸ் போடுறது?

2016இல் ஐபோன் 7 வந்த பிறகு இந்தப் பிரச்சினை பரவியது. இப்போது ஆண்ட்ராய்டிலும் பல மாடல்களில் ஓட்டை கிடையாது. டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் சின்ன வால் மாதிரியான அடாப்டர் வாங்க வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்று வெறும் கம்பி மாற்றம். போனே ஒலியை அனலாக்காக வெளியே தள்ளினால்தான் அது வேலை செய்யும். இன்னொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் உள்ளேயே இருக்கும். 'டேக்' (DAC) உள்ளது என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். கேட்டு வாங்குவதானால் இரண்டாவதையே வாங்குங்கள், அதிக போன்களோடு ஒத்துப்போகும். காசு கொடுக்கும் முன் உங்கள் போனிலேயே செருகி ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.

ஐபோனில் 14 வரை லைட்னிங் பின், 2023இல் வந்த 15இலிருந்து டைப்-சி. அடாப்டர் வாங்கும்போது எந்த மாடல் என்று சொல்லி வாங்குங்கள்.

அடாப்டர் வேண்டாம் என்றால் ஆக்ஸ் ஓட்டையில் செருகும் சின்ன ப்ளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. போன் அதோடு ப்ளூடூத்தில் பேசும், அது ஸ்டீரியோவுக்கு ஒலியைக் கொடுக்கும். பழைய வண்டிக்கு ப்ளூடூத் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை.

ஆக்ஸ்ல போட்டா சத்தம் ரொம்பக் குறைவா இருக்கு. ஸ்டீரியோவை முழுசா ஏத்தினா ஒரே இரைச்சல்.

போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு ஸ்டீரியோவில் ஏற்றுகிறீர்கள். அப்படிச் செய்தால் பாட்டோடு சேர்ந்து வயரில் இருக்கும் இரைச்சலும் பெருகும். தலைகீழாக மாற்றுங்கள். போன் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேலேயே, ஏறக்குறைய 80, 90 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்டீரியோ குமிழில் செய்யுங்கள். போனை முழு 100இல் வைத்தால் சில போன்களில் ஒலி பிசிறும். பிசிறு கேட்டால் இரண்டு படி இறக்குங்கள்.

ஆக்ஸிலிருந்து ரேடியோவுக்கு மாறும் முன் ஸ்டீரியோ சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஆக்ஸுக்காக ஏற்றிவைத்த அளவிலேயே ரேடியோ அலறும். பின் சீட்டில் குழந்தை தூங்கினால் எழுந்துவிடும்.

போனை சார்ஜ்ல போட்டா 'ஙொய்ங்'னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் மிதிச்சா அதுவும் சேர்ந்து ஏறுது. ஸ்டீரியோ போச்சா?

ஸ்டீரியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னிடம் அதிகம் வரும் கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போன் இப்போது இரண்டு வழியில் வண்டியின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. லைட்டர் சாக்கெட்டில் இருக்கும் சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வயர் வழியாக ஸ்டீரியோவுக்குப் போவது இன்னொன்று. வண்டியின் பாடியில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மிகச் சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கிளப்பும் சலனம் அந்த வித்தியாசத்தின் மேல் ஏறி, ஆக்ஸ் வயரின் எர்த் வழியே பாட்டோடு கலந்துவிடுகிறது. இன்ஜின் வேகம் கூடினால் ஆல்டர்னேட்டரும் வேகமாகச் சுற்றும், அதனால் சத்தத்தின் சுருதியும் ஏறுகிறது. இதற்கு கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வளையம், என்று பெயர்.

பாட்டு ஓடும்போதே சார்ஜர் வயரை மட்டும் போனிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். செலவில்லாத தீர்வு, பாட்டு கேட்கும்போது போனை வண்டி சாக்கெட்டில் சார்ஜ் போடாமல் பவர் பேங்கிலிருந்து போடுவது. பவர் பேங்க் வண்டியோடு எந்த வயரிலும் சேர்ந்திருக்கக் கூடாது.

நிரந்தரத் தீர்வு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பா. ஆக்ஸ் வயருக்கு நடுவில் செருக வேண்டும். உள்ளே இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், எர்த் தொடர்பு மட்டும் அறுந்துவிடும். மலிவான டப்பாக்களில் பாஸ் கொஞ்சம் குறையும். சிலர் ஆக்ஸ் வயரின் எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜர் போடாத நேரத்தில் மேலே சொன்ன 'குரல் காணாமல் போகும்' கதை வந்துவிடும்.

ப்ளூடூத் ரிசீவர் போட்டேன், அதுலயும் அதே ஙொய்ங்!

ரிசீவருக்கான மின்சாரத்தை வண்டி சாக்கெட்டிலிருந்தே எடுக்கிறீர்கள், அதனால்தான். போனுக்குப் பதில் இப்போது ரிசீவர் அந்த வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பேட்டரி இருக்கும் ரிசீவரை வாங்கி, வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஐசொலேட்டர்தான்.

பென் டிரைவ் செருகினா 'நோ ஃபைல்'னு வருது. கம்ப்யூட்டர்ல எல்லாப் பாட்டும் இருக்கே?

பெரும்பாலும் ஃபார்மட் பிரச்சினை, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. கம்பெனி ஸ்டீரியோக்கள் நிச்சயமாகப் படிக்கும் ஃபார்மட் ஃபேட்32. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மட் செய்ததைப் பழைய ஸ்டீரியோக்கள் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள டிரைவ்கள் கடையிலிருந்து பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியும் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வைக் காட்டாது. அதனால் 16 அல்லது 32 ஜிபி டிரைவ் ஒன்றைக் காருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறெங்காவது நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் சரி, ஆனாலும் படிக்கவில்லை என்றால் கோப்பு வகையைப் பாருங்கள். எம்பி3 எல்லாவற்றிலும் ஓடும். எம்4ஏ, ஃப்ளாக் போன்றவை ஸ்டீரியோவைப் பொறுத்தது. இன்னொன்று: பாட்டு ஆப்புகளில் 'டவுன்லோடு' செய்த பாட்டு அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும். அந்தக் கோப்பை டிரைவில் போட்டாலும் ஸ்டீரியோவால் திறக்க முடியாது.

பாட்டெல்லாம் ஓடுது, ஆனா வரிசை கன்னாபின்னான்னு வருது. 1, 2ன்னு நம்பர் போட்டும் அப்படித்தான்.

பல ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் எடுக்கின்றன. கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் பார்ப்பது கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திக் காட்டுவது, டிரைவுக்குள் இருக்கும் வரிசை வேறு. பாட்டுகளுக்கு 01, 02, 03 என்று இரண்டு இலக்கத்தில் எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில ஸ்டீரியோவில் 1க்கு அடுத்து 10 வரும். பிறகு டிரைவைக் காலிசெய்து, ஃபோல்டர் ஃபோல்டராக, கேட்க வேண்டிய வரிசையிலேயே நகலெடுங்கள். நடுவில் ஒரு பாட்டைப் பிற்பாடு சேர்த்தால் அது பெரும்பாலும் கடைசியில்தான் போய் உட்காரும்.

அம்மா அப்பாவுக்கு விடியற்காலை சுப்ரபாதம், பிறகு கந்த சஷ்டி கவசம், அதன் பிறகுதான் சினிமாப் பாட்டு என்று வரிசை முக்கியமாக இருக்கும் வீடுகளுக்கு இந்த வேலை நிச்சயம் பயன்படும்.

தமிழ்ல பேர் வச்ச பாட்டெல்லாம் கட்டம் கட்டமா தெரியுதே?

ஸ்டீரியோவுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. பாட்டு ஓடுவதற்கு இதனால் பாதகமில்லை. கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றியும் கட்டம் போகவில்லை என்றால், ஸ்டீரியோ காட்டுவது கோப்புக்குள் இருக்கும் குறிப்பை. பாட்டு, படம், பாடகர் பெயர் அடங்கிய அந்தக் குறிப்பையும் (tag) கம்ப்யூட்டரில் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் போய் மாற்றுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்படி ஆவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஓட்டும்போது எந்தப் பாட்டு என்று ஒரே பார்வையில் தெரிவது பாதுகாப்பு.

போனை யூஎஸ்பி வயர்ல மாட்டினா சார்ஜ் மட்டும் ஏறுது, பாட்டு வரல.

முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். சில மலிவு வயர்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. நல்ல வயர் போட்டும் வரவில்லை என்றால் காரணம் ஆண்ட்ராய்டு. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் கம்ப்யூட்டரோடு எம்டிபி என்ற முறையில் பேசுகின்றன, பென் டிரைவ் மாதிரி தங்களைக் காட்டிக்கொள்வதில்லை. பழைய ஸ்டீரியோவுக்கு எம்டிபி தெரியாது. இதை மாற்ற போன் அமைப்பில் எந்த சுவிட்சும் இல்லை. பாட்டை பென் டிரைவுக்கு மாற்றுங்கள், அல்லது ஆக்ஸ், ப்ளூடூத் வழிக்குப் போங்கள். ஐபோனுக்கென்று தனி ஆதரவு உள்ள ஸ்டீரியோவில் மட்டும் ஐபோன் யூஎஸ்பியில் பாடும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும். சாதாரண யூஎஸ்பி 2 போர்ட் தருவது 0.5 ஆம்பியர். மேப் போட்டுத் திரையை எரியவிட்டால் ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும்.

என்கிட்ட பழைய ஐபாட் ஒண்ணு சும்மா கிடக்கு. அதைக் கார்ல போட முடியுமா?

தாராளமாக. காருக்கென்றே ஒரு பிளேயர் இருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு: கால் வந்து பாட்டு நிற்காது, போன் பேட்டரியும் தீராது. இயர்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸுக்கு வயர் போட்டால் போதும். அடியில் அகலமான 30 பின் போர்ட் இருக்கும் ஐபாட் என்றால், அந்தப் போர்ட்டிலிருந்து லைன் அவுட் எடுக்கும் வயரும் உண்டு. அதில் ஐபாட்டின் சத்த அளவு குறுக்கே வராது, ஒலி இன்னும் சுத்தமாக இருக்கும்.

பழைய 30 பின் கார் சார்ஜர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப கால கார் கிட்டுகள் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான பின்களில் 12 வோல்ட் கொடுத்து சார்ஜ் செய்தன. 2008 வாக்கில் வந்த பல மாடல்களில் ஆப்பிள் அந்த வழியை எடுத்துவிட்டது. அதனால் அவற்றில் அதே பின் பொருந்தும், பாட்டும் வரும், சார்ஜ் மட்டும் ஏறாது. மற்ற கம்பெனிகளின் சின்ன எம்பி3 பிளேயர்களில் பல, யூஎஸ்பியில் மாட்டினால் பென் டிரைவாகவே தெரியும்.

ப்ளூடூத்ல கால் பேச முடியுது, ஆனா பாட்டு வரமாட்டேங்குது.

கால் பேசுவது ஒரு முறை, பாட்டு கேட்பது வேறு முறை. இரண்டுக்கும் ப்ளூடூத்தில் தனித்தனி விதிகள். போனின் ப்ளூடூத் அமைப்பில் வண்டியின் பெயரைத் தொட்டால் 'கால்ஸ்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு சுவிட்சுகள் இருக்கும். மீடியா அணைந்திருந்தால் போடுங்கள். போட்டும் வரவில்லை, அல்லது அந்த சுவிட்சே இல்லை என்றால் உங்கள் ஸ்டீரியோ கால் பேச மட்டும் செய்யப்பட்டது. சில வருடங்களுக்கு முந்தைய வண்டிகளில் இது சகஜம். கால் பேசுவதை ஸ்டீரியோவின் ப்ளூடூத்திலும் பாட்டை ஆக்ஸிலும் வைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

ஆக்ஸ் இல்ல, யூஎஸ்பி இல்ல, ரேடியோ மட்டும்தான் இருக்கு. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்ல எந்த நம்பர் வைக்கிறது?

காலியான நம்பர். சொல்வது சுலபம், சென்னையில் தேடுவதுதான் கஷ்டம்: 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 எல்லாம் பெரிய நிலையங்கள். நடுநடுவே அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 போன்ற சமுதாய வானொலிகளும் உண்டு. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ஸ்டீரியோவில் 88இலிருந்து 108 வரை மெதுவாகப் போங்கள். வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் வரும் இடத்தில் நில்லுங்கள். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மூன்று படிகளும் காலியாக இருந்தால் அந்த நம்பர் உங்களுக்கு. அங்கேயே டிரான்ஸ்மிட்டரை வையுங்கள்.

வெளியூர்ப் பயணத்தில் நம்பர் வழியில் மாறவேண்டி வரும். ஒரு நல்ல விஷயம், சூரியன் 93.5இலும் ஹலோ 106.4இலும் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எல்லா ஊரிலும் ஒரே எண்ணில்தான் இருக்கின்றன. அந்த இரண்டையும் அக்கம்பக்கத்தோடு ஒதுக்கிவிட்டுத் தேடினால் பாதி வேலை முடிந்தது. காலியான எண் இரண்டு மூன்றை ஸ்டீரியோவின் நினைவுப் பட்டன்களில் கிளம்பும் முன்பே போட்டுவைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டும்போது டிரான்ஸ்மிட்டரைத் திருகக் கூடாது.

எங்கட வாகனம் ஜப்பானில இருந்து வந்த ரீகண்டிஷன். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினன், ஸ்டீரியோவில அந்த நம்பரே வருதில்லை.

இலங்கையிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கிருந்து வரும் பழைய ஸ்டீரியோக்கள் 90உடன் நின்றுவிடும். டிரான்ஸ்மிட்டர்களோ 87.5 முதல் 108 வரை. இரண்டும் சந்திக்கும் இடம் 87.5க்கும் 90க்கும் நடுவில்தான். டிரான்ஸ்மிட்டரை அந்த இடத்துக்குள் ஒரு காலி எண்ணில் வையுங்கள், பாட்டு வரும்.

உள்ளூர் வானொலி கேட்க பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவியை ஆன்டெனா வயரில் மாட்டியிருந்தால், காதில் கேட்கும் நிலையத்தின் எண்ணும் திரையில் காட்டும் எண்ணும் வேறாக இருக்கும். அது அலைவரிசையைக் கீழே இறக்கித் தருகிறது. அந்த வாகனத்தில் எண்ணை நம்பாமல், மேலே சொன்னபடி இரைச்சல் மட்டும் வரும் இடத்தைக் காதால் தேடி, டிரான்ஸ்மிட்டரில் எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்துங்கள்.

கேசட் போடுற டெக் இருக்கிற வண்டி. இதுக்கு ஏதாவது வழி?

இருக்கிறது, எஃப்எம்மைவிட நல்ல வழி. கேசட் அடாப்டர் என்று கேசட் வடிவிலேயே ஒன்று, அதிலிருந்து 3.5 மில்லிமீட்டர் வயர் வெளியே வரும். உள்ளே டேப் இருக்காது. டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு நேராக இன்னொரு சின்ன ஹெட் இருந்து, பாட்டைக் காந்த அலையாகவே அதற்குக் கொடுக்கும். போட்டதும் 'டக் டக்' என்று பக்கம் மாறிக்கொண்டே இருந்தால், பக்கத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்ஸ் வசதி, டேப் முடிந்துவிட்டதாக நினைக்கிறது என்று அர்த்தம். அடாப்டரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டால் மங்கலான ஒலி தெளியும்.

லைட்டர் சாக்கெட்ல எதைச் செருகினாலும் வேலை செய்யல. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு.

ஃப்யூஸ் போயிருக்கும். சாக்கெட்டுக்குள் சில்லறைக் காசு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வண்டியை ஆஃப் செய்துவிட்டு எடுங்கள். பிறகு ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் சாக்கெட்டுக்கான இடத்தைத் தேடி அதே ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். அடிக்கடி போகிறதே என்று 15 இருந்த இடத்தில் 20 போட்டுவிடாதீர்கள். அப்போது ஃப்யூஸுக்குப் பதில் வயர் சூடாகி எரியும்.

சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் இந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் இறங்கும்போது பிடுங்கிவிடுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்க அதுவும் ஒரு காரணம்.

ஸ்டீரியோவுக்குப் பின்னாடி வயர் வெட்டி ஆக்ஸ் போட்டுத் தர்றேன்னு கடைக்காரர் சொல்றார். செய்யலாமா, வாரண்டி போயிடுமா?

வெட்டி ஒட்டும் வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதே வண்டிக்கான கப்ளர் கிடைக்கும். கம்பெனி வயரின் முனையைக் கழற்றி கப்ளரில் செருகினால் போதும், ஒரு கம்பியும் வெட்டுப்படாது, வேண்டாதபோது பழையபடி மாட்டிவிடலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் வண்டிப் பெயரும் வருடமும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வயரை வெட்டினால் எலக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் அதைக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு, எதைப் போடலாம் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் இன்னொன்றும் உண்டு. சில ஸ்டீரியோக்கள் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே திருட்டுத் தடுப்பு ரகசிய எண்ணை, அதாவது கோடு (code), கேட்கும். ஜப்பான் வண்டிகளின் நேவிகேஷன் திரைகளிலும் இந்தப் பூட்டு உண்டு. கோடு மேனுவலோடு வந்த அட்டையிலோ டீலரிடமோ இருக்கும். அது கையில் இல்லாமல் பேட்டரியில் கை வைக்க விடாதீர்கள்.

இவ்வளவு எதுக்கு, பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீனா மாத்திடலாமே?

ஸ்டீரியோவில் எந்த ஓட்டையும் இல்லை, மேப்பும் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால் மாற்றலாம். பாட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு கதவுக்கும் நல்ல ஸ்பீக்கர் போட்டால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

மாற்றுவதாகவே இருந்தால் முதலில் அளவு, கடையில் அதை 'டின்' (DIN) என்பார்கள். ஒற்றை டின் ஸ்டீரியோவின் முகம் ஏறக்குறைய 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180க்கு 100. டேஷ்போர்டோடு ஒட்டி வளைந்த முகம் என்றால் வண்டிக்கேற்ற சட்டமும் சேர்த்து வாங்க வேண்டும். ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா இரண்டும் வேலை செய்யுமா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

பழைய காரை விக்கப்போறேன். ஸ்டீரியோவுல ஏதாவது அழிக்கணுமா?

கட்டாயம். ப்ளூடூத்தில் இணைத்த ஸ்டீரியோக்கள் பல உங்கள் போன் நம்பர்களையும் கால் விவரத்தையும் நகலெடுத்து வைத்திருக்கும். செட்டிங்ஸில் 'ஃபேக்டரி ரீசெட்' இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் இணைத்த போன்களின் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்குங்கள். உங்கள் போனிலும் வண்டியின் பெயரை நீக்குங்கள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையில் பென் டிரைவ் மாட்டியே இருக்கிறதா என்றும் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். ஸ்டீரியோ கோடு எழுதிய அட்டை இருந்தால் மட்டும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.